கிங்ஸ் அபாட் கிராமத்தின் வழக்கு: 'ரோஜர் அக்ராய்டின் கொலை' புதினமும் வாசகர் மதிப்பீட்டின் வரலாறும்

முன்னுரை

ஒரு நூலின் வரலாற்றை எழுத முற்படுவோர் பெரும்பாலும் அந்நூலாசிரியரின் வரலாற்றையே எழுதி முடிக்கின்றனர். அந்நூலைப் படித்தவர்கள் யாவர், எந்த அளவுகோலைக் கொண்டு அதனை அளந்தனர், அந்த அளவுகோல் காலந்தோறும் எவ்வாறு மாறியது என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. பொழுதுபோக்கு இலக்கியம் என்று ஒதுக்கப்படும் நூல்களைப் பொறுத்தவரை இவ்வினாக்கள் எழுவதே இல்லை எனலாம். தமிழில் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோர் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய துப்பறியும் புதினங்கள் பெருந்திரளான வாசகரைப் பெற்றிருந்தன. ஆயினும், நம் இலக்கிய வரலாற்று நூல்கள் பலவும் அவற்றைச் சில வரிகளில் கடந்து செல்கின்றன. அப்புதினங்களுக்குப் பல நிலைகளில் முன்மாதிரியாய் அமைந்தது ஆங்கிலத் துப்பறியும் கதையாகும். அவ்வாங்கில மரபிலோ, இவ்வகை நூல்களை எவ்வாறு மதிப்பிடுவது என்பது குறித்து முக்கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கடுமையான வாதங்கள் நடந்துள்ளன.

அவ்வாதங்களின் மையத்தில் நின்ற ஒரு புதினத்தை இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்கிறோம். அகாதா கிறிஸ்டி எழுதி 1926ஆம் ஆண்டு வெளிவந்த 'ரோஜர் அக்ராய்டின் கொலை' என்பதே அது. இப்புதினத்தை வாசகர்கள் மதிப்பிட்ட வரலாற்றை மூன்று கட்டங்களாகப் பகுத்துக் காண்பதும், அம்மூன்றிலும் விடுபட்டுப்போன ஒரு கோணத்தைச் சுட்டுவதும் நம் நோக்கமாகும். கதையின் முடிவை மறைத்துக்கொண்டு இவ்வாய்வை நிகழ்த்த இயலாது. ஆதலின், இதுவரை அதனைப் படிக்காத அன்பர்கள் புதினத்தை முதலில் படித்துவிட்டு இக்கட்டுரைக்கு வருவதே நன்று.

1. கிராமக் கொலைப் புதினம் - பெயரும் பின்னணியும்

அமைதியான ஓர் ஆங்கிலக் கிராமம். ஒருவரையொருவர் நன்கறிந்த ஒரு சிறு சமூகம். அதில் ஒரு மருத்துவர், ஒரு பாதிரியார், ஓய்வுபெற்ற ஒரு படையதிகாரி, ஒரு செல்வந்தர், வேலையாட்கள் சிலர். அவர்களிடையே திடீரென ஒரு கொலை. காவல்துறையினர் தடுமாறும் வேளையில் உண்மையைக் கண்டறியும் ஒருவர். இத்தகைய புதினங்களை இன்று ஆங்கிலத்தில் 'கோசி' என்று வழங்குகின்றனர். கணப்பருகே அமர்ந்திருப்பதன் இதத்தைக் குறிக்கும் சொல் இது. தேநீர்க் கெண்டியின் சூடு ஆறாமல் போர்த்தி வைக்கும் துணியுறைக்கும் இதுவே பெயர். இரத்தமும் வன்முறையும் மேடைக்குப் பின்னால் நிகழ, வாசகர் இதமாக அமர்ந்து புதிரை விடுவிக்கலாம் என்பது இப்பெயரின் குறிப்பு. எனினும், இப்பெயர் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியதேயன்றி, கிறிஸ்டி எழுதத் தொடங்கிய காலத்தில் வழங்கியதன்று. பின்னர் ஒட்டப்பட்ட இப்பெயர் முன்னர் எழுதப்பட்ட நூல்களுக்கு எந்த அளவு பொருந்தும் என்பதைப் பின்னர்க் காண்போம்.

இவ்வகைப் புதினங்கள் தழைத்த காலம் இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலமாகும். 1914 முதல் 1918 வரை நடந்த போரில் பிரிட்டன் ஏழு இலட்சத்திற்கும் மேற்பட்ட வீரர்களை இழந்திருந்தது. பெயரும் முகமும் இன்றி மனிதர்கள் கூட்டங்கூட்டமாக மாண்ட காலத்தையடுத்து, ஒரே ஒரு மனிதனின் சாவுக்குக் காரணமானவர் யார் என்று முந்நூறு பக்கங்களில் தேடும் நூல்கள் செல்வாக்குப் பெற்றன. கிறிஸ்டியும் போரின்போது டார்க்கி நகர மருத்துவமனையில் தொண்டூழியச் செவிலியராகவும், பின்னர் மருந்தகத்திலும் பணிபுரிந்தவர். நஞ்சுகளைப் பற்றிய அறிவு அவருக்கு அங்குத்தான் வாய்த்தது. அவருடைய முதல் புதினம் 1920இல் வெளிவந்தது.

வாசிப்பின் சூழலும் கருதத்தக்கது. புதிய புதினம் ஒன்றின் விலை அந்நாளில் பொதுவாக ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ். இஃது எளியோரால் அடிக்கடி கொடுக்கக்கூடிய தொகையன்று. ஆகவே, பூட்ஸ் மருந்துக்கடைகளோடு இணைந்து இயங்கியது போன்ற இரவல் நூலகங்களே பெரும்பாலான வாசகர்க்குக் கைகொடுத்தன. நாளிதழ்களும் இக்கதைகளைத் தொடராக வெளியிட்டன. நாம் எடுத்துக்கொண்ட புதினமும் 1925ஆம் ஆண்டு இலண்டனின் 'ஈவ்னிங் நியூஸ்' நாளிதழில், அக்ராய்டைக் கொன்றது யார் என்னும் பொருள்படும் தலைப்பில் தொடராக வந்து, மறு ஆண்டு கொலின்ஸ் பதிப்பகத்தாரால் நூலாக்கப்பட்டது. 1935இல் பெங்குயின் நிறுவனம் ஆறு பென்ஸ் விலையில் முதல் பத்து நூல்களை வெளியிட்டபோது அவற்றுள் கிறிஸ்டியின் முதல் புதினமும் இடம்பெற்றது. குறுக்கெழுத்துப் புதிர்கள் பிரிட்டனில் பெரும் மோகமாய்ப் பரவியதும் இதே 1920களில்தான். துப்பறியும் கதையும் ஒரு புதிரே, அதனை விடுவிப்பது வாசகரின் உரிமை என்னும் எண்ணம் இச்சூழலில்தான் வேரூன்றியது.

2. கதையும் கதைசொல்லியும்

கிங்ஸ் அபாட் என்பது கிறிஸ்டி படைத்த கற்பனைக் கிராமம். அங்கு வாழும் மருத்துவர் ஜேம்ஸ் ஷெப்பர்ட் கதையைத் தன்மையில் கூறுகிறார். திருமணமாகாத தமக்கை கரோலினோடு அவர் வாழ்கிறார். திருமதி ஃபெராஸ் என்னும் கைம்பெண் அளவுக்கு மீறிய உறக்க மருந்தால் இறந்துகிடக்கும் செய்தியோடு கதை தொடங்குகிறது. அவர் தம் கணவரை நஞ்சிட்டுக் கொன்றவர் என்பதும், அதனை அறிந்த ஒருவர் அவரை மிரட்டிப் பணம் பறித்து வந்தார் என்பதும் பின்னர் வெளிப்படுகின்றன. மிரட்டியவரின் பெயரைக் கூறும் கடிதம் அவரை மணக்கவிருந்த ரோஜர் அக்ராய்டுக்கு அஞ்சலில் வந்து சேர்கிறது. அன்றிரவே அக்ராய்டு தம் படிப்பறையில் குத்திக் கொல்லப்படுகிறார். ஓய்வுபெற்று அக்கிராமத்தில் பூசணிவகைக் காய் பயிரிட்டுக்கொண்டிருக்கும் ஹெர்க்யூல் பொய்ரோ என்னும் பெல்ஜியத் துப்பறிவாளர் விசாரணையில் இறங்குகிறார். மருத்துவர் ஷெப்பர்ட் அவருக்கு உதவியாளராய் உடன் செல்கிறார்.

ஷெர்லக் ஹோம்சுக்கு வாட்சன் வாய்த்ததுபோல் பொய்ரோவுக்கு ஷெப்பர்ட் வாய்த்தார் என்றே அக்கால வாசகர் எண்ணியிருப்பர். வாட்சனும் மருத்துவரே அல்லவா? ஆனால், இறுதியில் பொய்ரோ சுட்டும் கொலையாளி அந்த ஷெப்பர்ட்தான். பணம் பறித்தவரும் அவரே. நாம் இதுவரை படித்துவந்த ஏடு, பொய்ரோவின் தோல்வியைப் பதிவு செய்ய எண்ணிக் கொலையாளியே எழுதிய ஏடு.

இப்புதினம் எழுப்பிய பூசல் முழுவதற்கும் காரணமான ஓரிடத்தைச் சற்று விரிவாகக் காண்போம். கடிதம் அறைக்குள் கொண்டுவரப்பட்ட நேரத்தை ஷெப்பர்ட் குறிப்பிடுகிறார். எட்டு மணி நாற்பது நிமிடம். தாம் அறையை விட்டு வெளியேறிய நேரத்தையும் குறிப்பிடுகிறார். எட்டு மணி ஐம்பது நிமிடம். கடிதம் அப்போதும் முழுமையாகப் படிக்கப்படாமல் இருந்தது என்கிறார். வாயிலில் நின்று, செய்ய வேண்டிய எதையேனும் விட்டுவிட்டோமா என்று தாம் திரும்பிப் பார்த்ததையும் கூறுகிறார். இவற்றில் ஒன்றுகூடப் பொய்யன்று. இடைப்பட்ட பத்து நிமிடங்களில் நிகழ்ந்ததை மட்டும் அவர் கூறவில்லை. அந்தப் பத்து நிமிடங்களில்தான் கொலை நிகழ்ந்தது. ஒலிப்பதிவுக் கருவி ஒன்றின் துணையால், ஒன்பதரை மணிக்கும் அக்ராய்டு உயிரோடு பேசிக்கொண்டிருந்தார் என்று பிறர் நம்பும்படி அவர் ஏற்பாடு செய்திருந்தார். இறுதி அத்தியாயத்தில் ஷெப்பர்ட் தம் பழைய வாக்கியங்களைத் தாமே எடுத்துக்காட்டி, அவற்றின் சொல்திறனைத் தாமே மெச்சிக்கொள்கிறார்.

3. முதற்கட்டம் - நேர்மையா, ஏமாற்றா?

நூல் வெளிவந்தபோது பிரிட்டிஷ், அமெரிக்க நாளிதழ்களின் மதிப்புரைகள் பல பாராட்டாகவே அமைந்தன. ஆயினும், துப்பறியும் கதையைத் தம் துறையாகக் கொண்டோரிடையே கருத்து பிளவுபட்டது. அமெரிக்க எழுத்தாளர் எஸ். எஸ். வான் டைன் 1927இல் தாம் தொகுத்த துப்பறியும் கதைத் தொகுதியின் முன்னுரையில், கிறிஸ்டி கையாண்ட உத்தி இவ்வகை எழுத்தாளர்க்கு உரிய முறையான உத்தியாகாது என்று குறை கூறினார். மறு ஆண்டு அவர் வெளியிட்ட இருபது விதிகளுள் ஒன்று, குற்றவாளி துப்பறிவாளர்மீது கையாளும் சூழ்ச்சிகளைத் தவிர வேறு எந்தச் சூழ்ச்சியையும் ஆசிரியர் வாசகர்மீது கையாளலாகாது என்பது.

இதற்கு மறுமொழி இங்கிலாந்திலிருந்து வந்தது. டோரதி எல். சேயர்ஸ் 1928இல் தாம் தொகுத்த கதைத் தொகுதியின் முன்னுரையில் கிறிஸ்டிக்காக வாதாடினார். தேவையான தடயங்கள் யாவும் வாசகர்க்குத் தரப்பட்டுள்ளன. ஏமாந்துவிட்டோமே என்னும் இயல்பான மனத்தாங்கலே இக்குறைகூறலுக்குக் காரணம். எல்லாரையும் ஐயுறுவது வாசகரின் கடமை என்பது அவர்தம் வாதத்தின் சாரம்.

கத்தோலிக்கப் பாதிரியாரும் துப்பறியும் கதையாசிரியருமான ரொனால்ட் நாக்ஸ் 1929இல் பத்துக் கட்டளைகளை வகுத்தார். கொலையாளி கதையின் தொடக்கத்திலேயே அறிமுகமாக வேண்டும். ஆனால், அவருடைய எண்ணவோட்டத்தை வாசகர் பின்தொடர்ந்து வந்திருக்கலாகாது என்பது முதற்கட்டளை. இதன் பிற்பகுதியை எழுதும்போது நாக்ஸ் தயங்குகிறார். கிறிஸ்டியின் சாதனைகளை நோக்க, இதனைத் துல்லியமாக வரையறுப்பது கடினம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். சட்டம் இயற்றியவரே விதிவிலக்கையும் சேர்த்துக் குறிக்க நேர்ந்தது. 1930இல் அந்தனி பெர்க்லியின் முயற்சியால் உருவான துப்பறியும் எழுத்தாளர் கழகம், வாசகரிடம் நேர்மையாய் நடந்துகொள்வதாக உறுப்பினர்களிடம் உறுதிமொழியே வாங்கியது. கேலியும் விளையாட்டும் கலந்த சடங்கு அது. ஆயினும், அதன் உள்ளீடு மெய்யானது. அக்கழகத்தின் தலைமைப் பொறுப்பைப் பிற்காலத்தில் கிறிஸ்டியே ஏற்றார் என்பது இவ்வழக்கின் முடிவைக் காட்டும்.

இவ்விடத்தில் ஆசிய வாசகராகிய நம் கண்ணில் படும் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். நாக்ஸின் ஐந்தாம் கட்டளை, கதையில் சீனர் எவரும் வரலாகாது என்பதாகும். மலிவான கதைகளில் சீனரைக் கொடியோராய்க் காட்டும் வழக்கம் சலிப்பூட்டும் அளவிற்குப் பெருகியிருந்ததை எள்ளியே அவர் இதனைக் கூறினார். எனினும், அவ்விதி தேவைப்பட்டதே அக்கால ஆங்கில வாசகரின் மனவுலகைக் காட்டுகிறது. கிங்ஸ் அபாட்டிலும் கிழக்குலகம் ஒரு மாலைப்பொழுதுக்கு வந்து போகிறது, மாஜோங் விளையாட்டாக. ஷாங்காய் மன்றத்தில் தாம் ஆடிய பெருமையைப் படையதிகாரி ஒருவர் ஓயாது பேசுகிறார். அவ்விளையாட்டில் கிடைத்தற்கரிய வெற்றி பெற்ற களிப்பில்தான், அதுவரை வாய்திறவாத ஷெப்பர்ட், விசாரணையில் கிடைத்த மோதிரம் பற்றிய செய்தியைப் பலரறிய வெளியிட்டுவிடுகிறார். எதையும் மறைக்க வல்லவர் நிலைகுலையும் ஒரே தருணம் அது.

முதற்கட்ட வாதத்தைத் தொகுத்து நோக்கினால், இரு தரப்பாரும் ஒரே அளவுகோலையே கையாண்டனர் என்பது விளங்கும். வாசகருக்கும் ஆசிரியருக்கும் இடையே எழுதப்படாத ஓர் ஒப்பந்தம் உண்டு. அது மீறப்பட்டதா இல்லையா என்பதே வழக்கு. கதைசொல்லியே குற்றவாளியாக இருப்பது கிறிஸ்டியின் தனிக் கண்டுபிடிப்பன்று என்பதையும் இங்கு நினைவிற்கொள்ளல் வேண்டும். ருசிய எழுத்தாளர் செகோவின் 'வேட்டை விருந்து' 1880களிலேயே அவ்வழியைத் தொட்டது. கிறிஸ்டியும் 1924ஆம் ஆண்டுப் புதினம் ஒன்றில் அதனைப் பகுதியளவில் கையாண்டிருந்தார். ஆயினும், விதிகள் உருவாகிக்கொண்டிருந்த வேளையில், அவ்விதிகள் யாவும் அறிந்த ஒருவர் அவற்றின் விளிம்பில் நின்று ஆடிய ஆட்டமாக இப்புதினம் அமைந்ததால்தான் இத்துணைப் பூசல் எழுந்தது.

4. இரண்டாம் கட்டம் - இது படிக்கத் தக்கதா?

1940களில் வழக்கின் தன்மையே மாறியது. இம்முறை வழக்குத் தொடுத்தவர்கள் இலக்கியத் திறனாய்வாளர்கள். அமெரிக்கத் திறனாய்வாளர் எட்மண்ட் வில்சன் 1944 அக்டோபரில், மக்கள் ஏன் துப்பறியும் கதைகளைப் படிக்கிறார்கள் என்று 'நியூ யார்க்கர்' இதழில் வினவினார். அதற்கு வாசகர்களிடமிருந்து கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அவர்கள் பரிந்துரைத்த நூல்களையும் படித்துப் பார்த்த பின்னர், 1945 ஜனவரியில் அவர் எழுதிய இரண்டாம் கட்டுரையின் தலைப்பு, ரோஜர் அக்ராய்டைக் கொன்றவர் யார் என்பதைப் பற்றி எவருக்கு அக்கறை என்னும் பொருள்படுவது. துப்பறியும் கதை வாசிப்பை ஒரு கெட்ட பழக்கமாகவே அவர் கண்டார். நடை, பாத்திரப் படைப்பு, வாழ்க்கை நோக்கு ஆகிய எவ்வகையிலும் இவை இலக்கியமாகா என்பது அவர் முடிவு. அத்தலைப்பில் இடம்பெற்ற புதினத்தைப் பற்றி அவர் கட்டுரை விரிவாக எதனையும் கூறவில்லை என்பது கருதத்தக்கது. ஒரு முழு இலக்கிய வகையின் அடையாளமாக ஒரு நூலின் பெயர் மாறிவிட்டிருந்தது.

அதே காலத்தில், 1944 டிசம்பரில், ரேமண்ட் சாண்ட்லர் மற்றொரு கோணத்திலிருந்து தாக்கினார். நகரத்துத் தெருக்களின் குற்றங்களை எழுதிய அவர், ஆங்கில நாட்டுப்புற மாளிகைக் கொலைகளில் மெய்ம்மை சிறிதும் இல்லை என்றார். மெய்யான காரணங்களுக்காக மெய்யான மனிதர்கள் செய்யும் கொலையையே எழுத வேண்டும் என்பது அவர் கொள்கை. வில்சனுக்கு இவ்வகை, கலையன்று, சாண்ட்லருக்கு, வாழ்க்கையன்று.

இவ்விருவர்க்கும் மறுமொழிபோல் அமைந்தது ஆங்கிலக் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 1948இல் எழுதிய கட்டுரை. தாம் இக்கதைகளுக்கு அடிமை என்று ஒப்புக்கொண்டே அவர் தொடங்குகிறார். நாட்டுப்புற இங்கிலாந்தில் நிகழாத கதை தமக்கு ஏற்காது என்கிறார். படித்து முடித்ததும் கதை மறந்துவிடுகிறது என்கிறார். ஆகவே, இது கலையன்று என்பதில் அவருக்கும் வில்சனுக்கும் வேறுபாடில்லை. ஆயினும், இவ்வடிமைத்தனத்தின் காரணத்தை அவர் ஆராய்கிறார். கொலை நிகழும்வரை அக்கிராமம் ஏதேன் தோட்டம் போன்றது. கொலை அதன் மாசின்மையைக் குலைக்கிறது. எல்லார்மீதும் ஐயம் படிகிறது. துப்பறிவாளர் குற்றவாளியை வெளிப்படுத்த, ஏனையோர் குற்றமற்றவராய் மீள்கின்றனர். வாசகர் தம் சொந்தக் குற்றவுணர்விலிருந்து அச்சிறுபொழுது விடுபடுகிறார் என்பது ஆடனின் விளக்கம்.

இக்கட்டத்தில் அளவுகோல் நேர்மையிலிருந்து தகுதிக்கு மாறியதை நாம் காண்கிறோம். ஆட்டத்தின் விதி மீறப்பட்டதா என்பது போய், அந்த ஆட்டமே ஆடத் தக்கதா என்னும் வினா எழுந்தது. ஆடனின் விளக்கம் ஆழமானது. இன்றும் மேற்கோள் காட்டப்படுவது. எனினும், கிங்ஸ் அபாட் கிராமத்துக்கு அஃது எந்த அளவு பொருந்தும்? இதற்கு விடை காணுமுன் மூன்றாம் கட்டத்தைச் சுருக்கமாகக் காண்போம்.

5. மூன்றாம் கட்டம் - வரலாற்றுச் சான்றாகப் புதினம்

1971இல் கொலின் வாட்சன் வெளியிட்ட ஆய்வு நூல் இவ்வகைப் புதினங்களை வருக்கச் செருக்கின் வெளிப்பாடாகக் கண்டது. எல்லாக் கதைகளுக்கும் பொதுவான அக்கற்பனைக் கிராமத்துக்கு அவர் 'மேஹெம் பார்வா' என்று கேலிப்பெயர் சூட்டினார். ஊர்ப்பெயர்போல் ஒலிக்கும் இத்தொடரில் 'மேஹெம்' என்பது வன்செயலைக் குறிக்கும். போருக்கு முந்திய உலகை ஏக்கத்தோடு பாதுகாக்கும் கண்ணாடிப் பேழையாக அவர் இக்கதைகளைக் கருதினார்.

இருபதாண்டுகள் கழித்து, 1991இல், அலிசன் லைட் என்னும் ஆய்வாளர் வேறொரு முடிவுக்கு வந்தார். போரில் காயம்பட்ட ஒரு தலைமுறை நோயிலிருந்து தேறும் காலத்தில் படித்த எழுத்தாக அவர் கிறிஸ்டியைக் காண்கிறார். இரத்தமும் வீரமும் தவிர்க்கப்பட்டதற்குக் கோழைத்தனம் காரணமன்று; அவற்றைப் போதிய அளவு கண்டுவிட்ட மக்கள் அவர்கள் என்பது அவர் விளக்கம். மேலும், கிறிஸ்டியின் கிராமங்களில் பழைய உறவுகளும் நம்பிக்கைகளும் நிலைகுலைந்து கிடப்பதையும் அவர் சுட்டிக்காட்டினார்.

1998இல் பிரெஞ்சுப் பேராசிரியர் பியர் பயார் ஒருபடி மேலே சென்று, பொய்ரோவின் தீர்ப்பே தவறு என்று வாதிட்டார். அவர் கருத்துப்படி உண்மைக் கொலையாளி கரோலின். தமக்கையைக் காக்கவே தம்பி பழியேற்றார். இத்தீர்ப்பை ஏற்பதும் மறுப்பதும் ஒருபுறம் இருக்க, வாசகர் ஆசிரியரிடமிருந்தே வழக்கைப் பறித்துக்கொண்ட நிகழ்ச்சியாக இதனைக் கொள்ளலாம். பிரிட்டனின் குற்றப்புதின எழுத்தாளர் சங்கம் 1990இல் வெளியிட்ட நூறு சிறந்த நூல்களின் பட்டியலில் ஐந்தாம் இடம் பெற்ற இப்புதினம், 2013இல் அச்சங்க உறுப்பினர்களின் வாக்கெடுப்பில் இவ்வகையின் மிகச் சிறந்த புதினமாகத் தேர்வுபெற்றது. 1926இல் குற்றமாகக் கருதப்பட்டதே 2013இல் பெருமையாயிற்று.

6. கரோலினும் பத்து நிமிடங்களும் - நம் பார்வை

மேற்கண்ட மூன்று கட்டங்களிலும் வாசகர் புதினத்துக்கு வெளியே நின்று தீர்ப்பளித்தனர். புதினத்துக்கு உள்ளேயே ஒரு வாசகர் இருக்கிறார் என்பதை அவர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. அவர்தான் கரோலின்.

கரோலின் வீட்டை விட்டு அதிகம் வெளியே செல்வதில்லை. பால்காரர், வேலையாட்கள், கடைக்காரர்கள் ஆகியோர் வழியே ஊரின் செய்தி அனைத்தும் அவரை வந்தடைகிறது. கேட்டவற்றைக் கோத்து முடிவுகாணும் ஆற்றல் அவருக்கு உண்டு. திருமதி ஃபெராஸ் கணவருக்கு நஞ்சிட்டார் என்று கதையின் தொடக்கத்திலேயே கூறியவர் அவரே. தம்பி அதனை நகையாடுகிறார். ஆனால், தமக்கை கூறியதே உண்மையாகிறது. இப்புதினத்தை 1928இல் நாடகமாக்கியோர் இப்பாத்திரத்தை இளம்பெண்ணாக மாற்றியது கிறிஸ்டிக்கு வருத்தம் தந்தது. கரோலினை எழுதியதில் தமக்கிருந்த மகிழ்ச்சியிலிருந்தே மிஸ் மார்ப்பிள் என்னும் மூதாட்டித் துப்பறிவாளர் தோன்றியிருக்கலாம் என்று அவர் பின்னர்க் குறித்துள்ளார்.

ஊரையே படிக்கத் தெரிந்த அந்தப் பெண்ணால் தம்முடன் ஒரே மேசையில் உண்ணும் தம்பியைப் படிக்க இயலவில்லை. நாமும் அவ்வாறே ஏமாறுகிறோம். அருகில் இருப்பவரை ஐயுறுவதில்லை. கதையைக் கூறுபவரை ஐயுறுவதில்லை. மருத்துவர் என்றால் ஐயுறுவதில்லை. நம்பிக்கையே நம் கண்ணை மறைக்கிறது. எல்லாரையும் ஐயுறுவதே வாசகரின் கடமை என்ற சேயர்ஸின் வாதம் ஆட்டத்திற்குப் பொருந்தும், வாழ்க்கைக்குப் பொருந்துமா? எல்லாரையும் ஐயுற்று எவரும் வாழ இயலாது. புதினத்தின் வேதனை இங்குத்தான் உள்ளது. உண்மையைக் கண்ட பொய்ரோ, கரோலின் அதனை அறியாதிருக்கும்பொருட்டு ஷெப்பர்டுக்கு ஒரு வழியைக் காட்டுகிறார். திருமதி ஃபெராஸ் உட்கொண்ட அதே உறக்க மருந்தை உட்கொண்டு சாக முடிவு செய்துவிட்டே ஷெப்பர்ட் தம் ஏட்டை முடிக்கிறார்.

இனி ஆடனின் விளக்கத்திற்கு வருவோம். கொலையாளி வெளிப்பட்டதும் கிங்ஸ் அபாட் மாசற்ற தோட்டமாய் மீள்கிறதா? விசாரணையின்போது ஒவ்வொருவரும் எதையோ மறைப்பதாகப் பொய்ரோ மேசையைச் சுற்றி அமர்ந்தோரிடமே கூறுகிறார். அவர் கூற்று மெய்யாகிறது. ஒருவர் நாற்பது பவுன் பணம் திருடியவர். ஒருவர் தமக்கு ஒரு மகன் இருப்பதை மறைப்பவர். ஒருவர் களவுமணம் புரிந்தவர். ஒருவர் முன்பு தாமும் மிரட்டிப் பணம் பறித்தவர். கடன், உறவினரின் தயவை எதிர்நோக்கும் வாழ்க்கை, பணிப்பெண்ணின் நிலை, கைம்பெண்ணின் அச்சம் ஆகியவை இக்கிராமத்தின் அடித்தளம். உண்மை வெளிவராமலிருக்கவே எல்லாரும் உடன்படுகின்றனர். இறுதியில் பொய்ரோவும் ஓர் உண்மையை மறைக்க உடன்படுகிறார். இதனை இதமான கதை என்பது பொருந்தாது. அவ்விதத்தின் விலை என்ன என்பதைக் காட்டும் கதை இது. போர்த்திய துணியுறைக்கு உள்ளே கொதிநீர் இருக்கிறது.

வரலாற்றுத் துறையினராகிய நமக்கு இப்புதினம் மற்றொன்றையும் உணர்த்துகிறது. ஷெப்பர்டின் ஏடு ஓர் ஆவணம். அதன் தேதிகள் சரி, நேரங்கள் சரி, வாக்கியங்கள் மெய். ஆயினும் ஆவணம் பொய். ஓர் ஆவணத்தில் பொய்யான கூற்று உளதா என்று மட்டும் தேடுவோர் இதனை நற்சான்றாக ஏற்றுக்கொள்வர். எட்டு நாற்பதுக்கும் எட்டு ஐம்பதுக்கும் இடையே என்ன நிகழ்ந்தது என்று வினவுவோர்க்கே அது வாய்திறக்கும். காலனித்துவ ஆட்சியாளரின் ஆண்டறிக்கைகளையும் கடிதங்களையும் படித்துப் பழகியோர் இதனை நன்கறிவர். அவற்றில் பொய்யைவிட மௌனமே மிகுதி. மேற்குறித்த 1990ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பெற்ற ஜோசஃபின் டேயின் புதினம், நோய்ப்படுக்கையில் கிடக்கும் காவல் அதிகாரி ஒருவர் மூன்றாம் ரிச்சர்டு மன்னர்மீதான கொலைப்பழியைப் பழைய ஏடுகளைக் கொண்டு மறுவிசாரணை செய்வதைக் கூறுவது என்பதும் இங்கு நினைக்கத் தக்கது. துப்பறிதலும் வரலாறும் சான்றை வினவும் முறையால் ஒன்றுபடுவன.

முடிவுரை

'ரோஜர் அக்ராய்டின் கொலை' முதலில் நேர்மை என்னும் அளவுகோலாலும், அடுத்துத் தகுதி என்னும் அளவுகோலாலும், பின்னர் வரலாற்றுச் சான்று என்னும் அளவுகோலாலும் அளக்கப்பட்டதைக் கண்டோம். ஒவ்வொரு தலைமுறையும் தன் கவலையையே அப்புதினத்தில் தேடியது. போருக்குப் பிந்திய தலைமுறைக்கு விதிகள் தேவைப்பட்டன; 1940களின் திறனாய்வாளர்க்கு இலக்கியத்தின் எல்லையைக் காக்க வேண்டியிருந்தது; பின்வந்தோர்க்கு வருக்கமும் பெண்ணும் போரின் வடுவும் முதன்மையாயின. நூல் ஒன்றே, வழக்குகள் பல.

படித்ததும் மறந்துவிடுவது இவ்வகையின் இயல்பு என்றார் ஆடன். ஆனால், இப்புதினத்தின் முடிவை ஒருமுறை அறிந்தவர் அதனை மறப்பது அரிது. முடிவை அறிந்து மீண்டும் படிக்கும்போதுதான் அதன் முதல் பக்கமே வேறாகத் தெரிகிறது. திருமதி ஃபெராஸின் சாவைக் கூறும் தொடக்க வரிகளில், அச்சாவுக்குக் காரணமானவரின் குரலை அப்போதுதான் நாம் கேட்கிறோம். ஒரு நூல் மறுவாசிப்பில் வளருமாயின், அதனைப் புதிர் என்று மட்டும் கூறி ஒதுக்குதல் முறையாகாது. நம் மொழியின் தொடக்ககாலத் துப்பறியும் புதினங்களும் நூலகங்களின் ஓரத்தில் மதிப்பீட்டுக்காகக் காத்துக் கிடக்கின்றன. அவற்றை யார் எழுதினார் என்பதோடு நில்லாமல், யார் படித்தார், படித்து என்ன தீர்ப்பளித்தார் என்றும் வினவத் தொடங்குவோமாயின், நம் முன்னோரின் அச்சங்களையும் நம்பிக்கைகளையும் குறித்து அவை கூறக்கூடியவை பல உள.